மூலிகைச் சேர்வைகளும் கலத்தின் வாயில்களும்
சீன மருத்துவத்திலிருந்து நான்கு உதாரணங்கள்

க.பொ.த. (சா/த) மாணவர்களுக்கான மேலதிக வாசிப்பும் பயிற்சியும்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• கலமென்சவ்வினூடாக அயன்கள் செல்லும் முறையை விளக்குவீர்கள்.
• அயன் கால்வாய்க்கும் அயன் பம்பிக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுவீர்கள்.
• ஒரு மூலிகைச் சேர்வை மருந்தாவதும் நஞ்சாவதும் ஏன் என்பதைக் காரணத்துடன் எழுதுவீர்கள்.



சுகாதார பாடத்தில் மருந்துப் பாவனை பற்றிப் படிப்பித்துக் கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி, "சேர், மூலிகை எண்டால் பக்க விளைவு இல்லைத்தானே?" என்று கேட்டாள். வகுப்பில் பாதிப்பேர் ஆமென்று தலையாட்டினர். நான் ஒரு கலைப் பட்டதாரி. அன்று என்னால் முழுமையான விடையைக் கூற முடியவில்லை. அதன் பின்னர் தேடி வாசித்தவற்றை உங்களுக்கு விளங்கும் வகையில் இங்கு ஒழுங்குபடுத்தித் தருகின்றேன். நீங்கள் ஏற்கெனவே கற்ற கலமென்சவ்வு, பரவல், நரம்புக் கணத்தாக்கம் ஆகிய மூன்றும் இருந்தாலே போதும், அம்மாணவியின் வினாவுக்கு விடை கூறிவிடலாம்.

1. கலமென்சவ்வும் அயன்களும்

கலத்தைச் சூழ்ந்துள்ள மென்சவ்வு பெரும்பாலும் பொசுபோலிப்பிட்டுகளாலும் புரதங்களாலும் ஆனது. இலிப்பிட்டுப் படையின் நடுப்பகுதி எண்ணெய்த் தன்மையுடையது. ஆகவே ஏற்றமுடைய அயன்கள் அதனூடாக நேரே செல்ல முடியாது. அவை செல்வதற்கு மென்சவ்வில் பதிந்துள்ள சிறப்பான புரதங்கள் உதவுகின்றன. அவை இருவகைப்படும்.

(அ) அயன் பம்பி: இது சக்தியைச் செலவிட்டு, செறிவு குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு அயன்களைத் தள்ளுகின்றது. இது உயிர்ப்பான கொண்டுசெல்லலாகும். சோடியம்-பொற்றாசியம் பம்பி ஒவ்வொரு தடவையும் 3 சோடியம் அயன்களை வெளியேற்றி 2 பொற்றாசியம் அயன்களை உள்ளெடுக்கின்றது.

(ஆ) அயன் கால்வாய்: இது புரதத்தாலான ஒரு நுண்துளை. இதற்கு வாயில் உண்டு. வாயில் திறந்ததும் அயன்கள் செறிவு வித்தியாசம், மின்னழுத்த வித்தியாசம் ஆகியவற்றிற்கு ஏற்பத் தாமாகவே பாய்கின்றன. கால்வாய் இதற்கெனச் சக்தியைச் செலவிடுவதில்லை. திறந்திருக்கும் ஒரு கால்வாயினூடாக ஒரு செக்கனில் பல இலட்சக்கணக்கான அயன்கள் செல்லக்கூடும்.

நீர்த்தாங்கியையும் திருகுபிடியையும் நினைத்துக் கொள்ளுங்கள். தாங்கிக்கு நீரை ஏற்றுவதற்கு மோட்டர் வேண்டும். அதுவே பம்பி. திருகுபிடியைத் திறந்தால் நீர் தானாக விழும். அதுவே கால்வாய்.

பம்பிகளின் வேலையால் கலத்தின் உள்ளும் புறமும் அயன் செறிவுகள் பெரிதும் வேறுபடுகின்றன. கீழுள்ளவை அண்ணளவான பெறுமானங்கள் (லீற்றருக்கு மில்லிமூல்).

சோடியம் அயன்: வெளியே 145, உள்ளே 12
பொற்றாசியம் அயன்: வெளியே 4, உள்ளே 140
கல்சியம் அயன்: வெளியே 1 முதல் 2 வரை, உள்ளே 0.0001

இவ்வெண்களைப் பாடமாக்க வேண்டியதில்லை. சோடியமும் கல்சியமும் வெளியே கூட, பொற்றாசியம் உள்ளே கூட என்பதை மட்டும் மனதில் இருத்துங்கள். வாயில் திறந்தால் சோடியமும் கல்சியமும் உள்ளே பாயும். பொற்றாசியம் வெளியே கசியும்.

2. கணத்தாக்கம் உண்டாகும் விதம்

ஓய்விலுள்ள நரம்புக்கலத்தின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று மறையாக உள்ளது. தூண்டல் ஒன்று கிடைத்ததும் சோடியம் கால்வாய்கள் திறக்கின்றன. சோடியம் அயன்கள் உள்ளே பாய்வதால் உட்பக்கம் நேராகின்றது. ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கனுக்குள் அக்கால்வாய்கள் தாமாகவே அடைபடுகின்றன. பின்னர் பொற்றாசியம் வெளியேறுவதால் உட்பக்கம் மீண்டும் மறையாகின்றது. கலம் அடுத்த கணத்தாக்கத்துக்குத் தயாராகின்றது.

திறப்பது எவ்வளவு முக்கியமோ, உரிய நேரத்தில் அடைபடுவதும் அவ்வளவு முக்கியம் என்பதைக் கவனியுங்கள். இக்கட்டுரையின் பிற்பகுதி இவ்வொரு வசனத்திலேயே தங்கியுள்ளது.

இவ்விளக்கத்தை ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி ஆகிய இரு ஆங்கிலேய விஞ்ஞானிகள் கணவாயின் பருத்த நரம்பு நாரில் ஆராய்ந்து 1952 இல் வெளியிட்டனர். 1963 இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தனியொரு கால்வாயினூடாகச் செல்லும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளக்கும் முறையை நேஹர், சாக்மன் என்போர் 1976 இல் அறிமுகம் செய்து, 1991 இல் நோபல் பரிசைப் பெற்றனர். இம்முறை வந்த பின்னரே எந்த மூலிகைச் சேர்வை எந்த வாயிலில் வேலை செய்கின்றது என்பதை நேரடியாகச் சோதிக்க முடிந்தது. அவ்வாறு அறியப்பட்ட நான்கு சேர்வைகளை இனிப் பார்ப்போம். நான்கும் சீனர் நெடுங்காலமாக மருந்தாகப் பயன்படுத்தி வரும் தாவரங்களிலிருந்து வருபவை.

3. உதாரணம் ஒன்று: புதினா (வாயிலைத் திறத்தல்)

சீன மருத்துவத்தில் "போஹ" எனப்படும் புதினா வகையொன்று காய்ச்சல், தலையிடி, தொண்டை நோவு முதலியவற்றுக்குக் கொடுக்கப்படுகின்றது. இதிலுள்ள முக்கிய சேர்வை மென்தோல். நீங்கள் தலையிடிக்குப் பூசும் தைலங்கள் பலவற்றிலும் இது உண்டு.

தைலம் பூசிய இடம் குளிர்வது போன்று இருக்கும். ஆனால் அறை வெப்பநிலையிலுள்ள மென்தோல் உங்கள் நாக்கில் பட்டாலும் அதே குளிர்ச்சி தோன்றும். நாக்கின் வெப்பநிலை குறைந்திராது. அப்படியானால் குளிர் எங்கிருந்து வந்தது?

தோலிலுள்ள குளிர் உணரும் நரம்பு முனைகளில் ஒரு கால்வாய் உண்டு. வெப்பநிலை ஏறத்தாழ 25 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது அது திறக்கும். சோடியமும் கல்சியமும் உள்ளே பாய, "குளிர்" என்ற செய்தி மூளைக்குச் செல்லும். மென்தோல் அதே கால்வாயில் இணைந்து, குளிர் இல்லாமலேயே வாயிலைத் திறந்துவிடுகின்றது. மூளைக்கு இரண்டும் ஒன்றுதான். இக்கால்வாயை டேவிட் ஜூலியஸ், ஆடெம் பட்டப்பூட்டியன் ஆகியோரின் இரு ஆய்வுக் குழுக்கள் 2002 இல் தனித்தனியே கண்டறிந்தன. வெப்பத்தையும் தொடுகையையும் உணரும் கால்வாய்கள் பற்றிய ஆய்வுகளுக்காக இவ்விருவருக்கும் 2021 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

4. உதாரணம் இரண்டு: சிச்சுவான் மிளகு (கசியும் வாயிலை மூடுதல்)

சீனாவின் சிச்சுவான் மாகாணத்துச் சமையலில் இடப்படும் இம்மிளகு, வயிற்று நோவுக்கு மருந்தாகவும் கொடுக்கப்படுகின்றது. பெயர் மிளகு என்றாலும் இது எமது மிளகின் உறவன்று; எலுமிச்சையின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதனைக் கடித்தால் உறைப்பைவிட உதடும் நாக்கும் ஊசி குத்துவது போலக் கூசி அதிர்வதே அதிகமாகத் தெரியும்.

ஓய்விலுள்ள நரம்புக்கலத்திலிருந்து பொற்றாசியம் அயன்கள் சிறிது சிறிதாக வெளியே கசிந்து கொண்டிருக்கின்றன. உட்பக்கம் மறையாக இருப்பதற்கு இக்கசிவு ஒரு முக்கிய காரணம். சிச்சுவான் மிளகிலுள்ள சன்ஷூல் என்னும் சேர்வை இக்கசிவுக் கால்வாய்கள் சிலவற்றை அடைக்கின்றது என 2008 இல் கலிபோர்னியாவில் செய்த ஆய்வொன்று காட்டியது. கசிவு நின்றால் உட்பக்கத்தின் மறைத்தன்மை குறையும். சிறிய தொடுகையும் இன்றியே நரம்பு கணத்தாக்கங்களை அனுப்பத் தொடங்கும். நாக்கில் உணரும் அதிர்வு இதுவே.

முதல் உதாரணத்தில் வாயில் திறந்தது. இரண்டாவதில் வாயில் மூடியது. ஆயினும் இரண்டிலும் நரம்பு தூண்டப்பட்டது. எந்த அயனின் வாயில் என்பதைப் பார்க்காமல் விளைவைக் கூற முடியாது என்பதற்கு இது நல்ல சான்று.

5. உதாரணம் மூன்று: ஃபாங்ஜி வேர் (கல்சியம் வாயிலை மூடுதல்)

ஃபாங்ஜி என்பது ஒரு கொடியின் வேர். வீக்கம், மூட்டு நோவு ஆகியவற்றுக்குச் சீன மருத்துவர் கொடுப்பர். இதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அல்கலோயிட்டு டெட்ராண்ட்ரின் ஆகும்.

நாடிகளின் சுவரில் மழமழப்பான தசை உண்டு. அத்தசைக்கலத்தினுள் கல்சியம் அயன்கள் புகுந்தால் தசை சுருங்கும், நாடி ஒடுங்கும், குருதியமுக்கம் உயரும். டெட்ராண்ட்ரின் கல்சியம் கால்வாயை அடைப்பதால் தசை தளர்ந்து குருதியமுக்கம் குறைகின்றது. இன்று உயர் குருதியமுக்கத்துக்கு வைத்தியர் கொடுக்கும் அம்லோடிப்பின் போன்ற மருந்துகளும் கல்சியம் கால்வாய்களை அடைப்பவையே.

2015 இல் வெளியான ஆய்வொன்றில், கலத்தினுள்ளே உள்ள சிறு பைகளின் கால்வாய்களை டெட்ராண்ட்ரின் அடைப்பதன் மூலம் எபோலா வைரசு கலத்தினுள் நுழைவதைத் தடுத்து, எலிகளைக் காப்பாற்றியமை காட்டப்பட்டது. இவ்விடத்தில் அவதானம் தேவை. எலியில் கிடைத்த பேறு மனிதருக்கான மருந்தாகிவிடாது. "எபோலாவைக் குணமாக்கும் மூலிகை" என்று யாரும் எழுதினால் அது பிழையான முடிவாகும்.

இவ்வேர் தொடர்பாக இன்னொரு பாடமும் உண்டு. 1990 களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடையைக் குறைப்பதற்காகக் கொடுக்கப்பட்ட மருந்தில் ஃபாங்ஜிக்குப் பதிலாக "குவாங் ஃபாங்ஜி" என்ற வேறொரு தாவரம் கலந்துவிட்டது. அதிலிருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலத்தால் நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டன. முதல் அறிக்கை 1993 இல் வெளிவந்தது. இவ்வமிலம் கால்வாய்களில் அன்றி, கலத்தின் பரம்பரைப் பதார்த்தத்திலேயே தாக்கம் புரிகின்றது, புற்றுநோயையும் உண்டாக்கும். பெயர் ஒன்றுபோல இருந்தால் தாவரமும் ஒன்றாகிவிடாது. 2004 இல் சீனா குவாங் ஃபாங்ஜியை மருந்தாகப் பயன்படுத்துவதை நிறுத்தியது.

6. உதாரணம் நான்கு: ஃபூட்ஸு கிழங்கு (வாயிலை அடைபடவிடாமற் செய்தல்)

நால்வற்றுள் மிகவும் கவனமாகப் படிக்க வேண்டியது இது. அக்கோனைற்று என்னும் தாவரப் பேரினத்தைச் சேர்ந்த செடியின் பக்கக் கிழங்கே ஃபூட்ஸு. கை கால் குளிர்ந்து நாடித்துடிப்புத் தளர்ந்தவர்களுக்குச் சீன மருத்துவர் ஏறத்தாழ 2000 ஆண்டுகளாக இதனைக் கொடுத்து வருகின்றனர். ஆனால் அவர்களே இதனை நஞ்சென்றும் அறிந்திருந்தனர். 365 மருந்துகளை மூன்று தரங்களாகப் பிரித்த "ஷென்னோங்" மூலிகை நூலில், நஞ்சுள்ளவை இடம்பெறும் கீழ்த்தரத்திலேயே இது வைக்கப்பட்டுள்ளது. எமது சித்த மருத்துவத்திலும் இதே பேரினத்தைச் சேர்ந்த நாபிக் கிழங்கு சுத்தி செய்த பின்னரே மருந்திற் சேர்க்கப்படுகின்றது.

காரணம் அக்கோனிட்டின் என்னும் அல்கலோயிட்டு. சோடியம் கால்வாய் திறந்து ஒரு மில்லிசெக்கனுக்குள் அடைபட வேண்டும் எனப் படித்தோம். அக்கோனிட்டின் அக்கால்வாயில் இணைந்து அதனை அடைபடவிடாமற் செய்கின்றது. சோடியம் தொடர்ந்து உள்ளே பாய்கின்றது. நரம்பு முதலில் கட்டுப்பாடின்றிக் கணத்தாக்கங்களை அனுப்பும். ஆகவே உதடும் நாக்கும் கூசும். பின்னர் ஓய்வு நிலைக்கு மீள முடியாமற் போகும்; ஆகவே விறைக்கும். வாந்தியும் தசைத் தளர்ச்சியும் வரும். இதயத் தசையிலும் இதே நிலை ஏற்பட்டால் இதயவறைகள் ஒழுங்கின்றித் துடித்து மரணம் நேரலாம்.

ஏறத்தாழ 2 மில்லிகிராம் தூய அக்கோனிட்டினே வளர்ந்த ஒருவரைக் கொல்லப் போதுமானது எனக் கணிக்கப்படுகின்றது. ஒரு பரசிற்றமோல் வில்லையில் 500 மில்லிகிராம் மருந்து உள்ளது. அதன் 250 இல் ஒரு பங்கு எவ்வளவு சிறியது என்று எண்ணிப் பாருங்கள். இந்நஞ்சை முறிக்கும் தனியான மாற்று மருந்து இல்லை. வைத்தியசாலையில் இதயத்தைக் கண்காணித்துச் சிகிச்சையளிப்பதே வழி.

அவ்வாறாயின் இதனை எப்படி மருந்தாகக் கொடுக்கின்றனர்? அக்கோனிட்டின் ஓர் எசுத்தர். நீருடன் நீண்ட நேரம் கொதிக்கும்போது நீர்ப்பகுப்படைகின்றது. முதலில் அசற்றிக்கமிலப் பகுதியும் பின்னர் பென்சோயிக்கமிலப் பகுதியும் பிரிந்து போகின்றன. எஞ்சும் சேர்வைகளின் நச்சுத்தன்மை மிகவும் குறைவு. அதனாலேயே பதப்படுத்திய கிழங்கையும் மற்றைய மூலிகைகளுக்கு முன்பாக இட்டு நெடுநேரம் காய்ச்ச வேண்டும் என்பது விதி. நீர்ப்பகுப்பு என்ற சொல் பிறக்கும் முன்னரே அனுபவத்தால் கண்ட முறை இது.

ஆனால் காய்ச்சும் நேரம் குறைந்தால் நஞ்சு எஞ்சும். பச்சைக் கிழங்கை மதுசாரத்தில் ஊறவைத்துக் குடித்தோர் பலர் சீனாவில் இறந்துள்ளனர். மதுசாரம் அல்கலோயிட்டைக் கரைத்தெடுக்கும். அங்கே கொதித்தல் நடைபெறுவதில்லை. ஹொங்கொங்கில் 1999 இல் நிறைவேறிய சீன மருத்துவச் சட்டம் கடும் வீரியமுள்ள 31 மருந்துப் பொருட்களைத் தனியாகப் பட்டியலிட்டது. பச்சை ஃபூட்ஸு அவற்றுள் ஒன்று.

7. சுருக்க அட்டவணை

மென்தோல் – குளிர் உணரும் கால்வாய் – திறக்கும் – குளிர் உணர்வு
சன்ஷூல் – பொற்றாசியம் கசிவுக் கால்வாய் – அடைக்கும் – கூச்சம், அதிர்வு
டெட்ராண்ட்ரின் – கல்சியம் கால்வாய் – அடைக்கும் – நாடி தளர்தல், குருதியமுக்கம் குறைதல்
அக்கோனிட்டின் – சோடியம் கால்வாய் – அடைபடவிடாது – விறைப்பு, இதயத் துடிப்பு ஒழுங்கின்மை

8. மாணவர்கள் வழமையாக விடும் பிழைகள்

• பம்பியையும் கால்வாயையும் மாற்றி எழுதுதல். சீன மருத்துவத்தில் தேரையின் சுரப்பிலிருந்து பெறப்படும் "சான் சு" என்ற மருந்து சோடியம்-பொற்றாசியம் பம்பியையே தடுக்கின்றது. அதனைக் கால்வாய்க்கு உதாரணமாக எழுதக் கூடாது.
• "கொதிக்க வைத்தால் எல்லா நஞ்சும் போய்விடும்" என எழுதுதல். அக்கோனிட்டின் நீர்ப்பகுப்படையும். அரிஸ்டோலோக்கிக் அமிலம் காய்ச்சுவதால் நீங்கிவிடுவதில்லை.
• விளைவை மட்டும் எழுதிக் காரணத்தை விடுதல். "இதயம் பாதிக்கப்படும்" என்பது அரைவாசி விடை. ஏன் என்பதே மிகுதி அரைவாசி.

9. பயிற்சி

(1) அயன் கால்வாய் தொடர்பாகச் சரியான கூற்று எது?
1. ஏ.ரீ.பி சக்தியைச் செலவிட்டு அயன்களைத் தள்ளும்.
2. இலிப்பிட்டுகளால் மட்டும் ஆனது.
3. திறந்துள்ளபோது அயன்கள் தாமாகப் பாய இடமளிக்கும்.
4. நரம்புக்கலங்களில் மட்டுமே காணப்படும்.

(2) தசைக்கலத்தினுள் புகுந்து அது சுருங்கக் காரணமாகும் அயன்
1. பொற்றாசியம் 2. கல்சியம் 3. குளோரைட்டு 4. மகனீசியம்

(3) பச்சை ஃபூட்ஸு கிழங்கை உட்கொண்ட ஒருவருக்கு முதலில் நாக்குக் கூசி விறைப்பதற்கும், பின்னர் இதயத் துடிப்புக் குழம்புவதற்கும் காரணத்தை விளக்குக. (6 புள்ளிகள்)

விடைகள்: (1) 3 (2) 2

(3) இற்கான மாதிரி விடை (ஒவ்வொரு படிக்கும் 1 புள்ளி):
அ. கிழங்கில் அக்கோனிட்டின் உண்டு.
ஆ. அது நரம்புக்கல மென்சவ்விலுள்ள சோடியம் கால்வாய்களில் இணைகின்றது.
இ. கால்வாய்கள் உரிய நேரத்தில் அடைபடாமையால் சோடியம் அயன்கள் தொடர்ந்து உள்ளே பாய்கின்றன.
ஈ. இதனால் முதலில் கணத்தாக்கங்கள் மிகையாக உண்டாகி நாக்குக் கூசுகின்றது.
உ. பின்னர் நரம்பு ஓய்வு நிலைக்கு மீளாமையால் புதிய கணத்தாக்கம் உண்டாகாது, விறைக்கின்றது.
ஊ. இதயத் தசையிலும் இவ்வாறே நிகழ்வதால் துடிப்பு ஒழுங்கற்றதாகின்றது.

ஒரு படியைத் தவறவிட்டாலும் சங்கிலி அறுந்துவிடும். எனவே விடை எழுதியதும் ஒவ்வொரு வசனத்துக்கும் "ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த வசனம் அதற்கு விடையாக அமைந்தால் புள்ளி உங்களுடையது.

10. முடிவாக

இனி அந்த மாணவியின் வினாவுக்கு வருவோம். மூலிகையிலுள்ளதும் இரசாயனச் சேர்வையே. வில்லையிலுள்ளதும் இரசாயனச் சேர்வையே. வாயிலில் போய் இணையும் மூலக்கூறு தான் காட்டிலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று கலத்துக்குச் சொல்வதில்லை. வேலை செய்யும் சேர்வை எதுவாயினும் அளவு கூடினால், தயாரிப்புப் பிழைத்தால், தாவரம் மாறினால் தீங்கும் செய்யும். முற்றிலும் ஒன்றும் செய்யாத பொருள் நோயையும் மாற்றாது.

இதனைக் கூறுவது மூலிகை மருத்துவத்தை இழிவுபடுத்துவதற்காக அன்று. ஃபூட்ஸுவைக் கீழ்த்தரத்தில் வைத்த பழைய வைத்தியரும், அதனை நெடுநேரம் காய்ச்சச் சொன்னவரும் அதன் ஆபத்தை அறிந்தே கையாண்டனர். "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்பது அவர்கள் சொன்னதன்று. ஆகவே வீட்டில் யாராவது பெயர் தெரியாத வேரையோ தூளையோ தந்தால், அது என்ன தாவரம், எவ்வளவு, எப்படித் தயாரித்தது, தகுதியுள்ள வைத்தியர் தந்ததா என்ற நான்கு வினாக்களையும் கேளுங்கள். வேறு மருந்து எடுப்பவராயின் அதனையும் வைத்தியரிடம் கூறச் சொல்லுங்கள். இந்நான்கு வினாக்களும் பரீட்சை முடிந்த பின்னரும் உங்களுக்குப் பயன்படும்.